முதுகுவலியும் ஹிஜாமாவும்: முகாமுக்கு முன் சில வார்த்தைகள்

(குண்டடத்தில் நமது அறக்கட்டளை மஃரிப் தொழுகைக்குப் பின் நடத்திய மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில், யுனானி மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



 



அடுத்த மாதம் இங்கே இலவச ஹிஜாமா முகாம் நடத்தலாம் என்று நிர்வாகிகள் என்னிடம் வந்தார்கள். நல்ல எண்ணம், அல்லாஹ் அதற்குக் கூலி தருவானாக. அச்சடிப்பதற்கு முன் நோட்டீஸின் மாதிரியையும், பெயர் கொடுத்தவர்களின் பட்டியலையும் அனுப்பினார்கள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள். பாதிப் பேருக்கு எதிரே பனியன் கம்பெனி டெய்லர், செக்கிங், அயர்னிங், தறி ஓட்டுபவர் என்று எழுதியிருந்தது. என்ன தொந்தரவு என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: இடுப்புவலி, கழுத்துவலி, தோள்பட்டை வலி.

நோட்டீஸைப் படித்தேன். அதில் இடுப்புவலி கடைசி வரியில் இருந்தது. மேலே சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, குழந்தையின்மை என்று வரிசையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே என் பெயர். "இந்த நோட்டீஸில் என் பெயரைப் போட வேண்டாம், முகாமை நிறுத்தவும் வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு நாள் என்னைப் பேச விடுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். அதனால்தான் இன்று நிற்கிறேன்.

நான் ஹிஜாமா செய்கிற மருத்துவன். அதைக் கேலி செய்ய வரவில்லை. ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை நம் பள்ளிவாசல் வளாகத்திலேயே மறைத்துப் பேசினால், பிறகு வேறு எங்கே உண்மை பேசுவது?

முதலில் மார்க்கத்தில் இருந்து தொடங்குகிறேன். தவறாகச் சொன்னால் ஹஜ்ரத் திருத்தட்டும். ஹிஜாமா என்ற அரபுச் சொல்லின் வேருக்கு உறிஞ்சுதல் என்று பொருள். நம் ஹதீஸ் மொழிபெயர்ப்புகளில் 'இரத்தம் குத்தி எடுத்தல்' என்று படித்திருப்பீர்கள். தேன், ஹிஜாமா, நெருப்பால் சூடு ஆகிய மூன்றில் நிவாரணம் இருப்பதாகவும், சூடு போடுவதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்றும் புகாரியில் வருகிறது. இஹ்ராமில் இருந்தபோது தலைவலிக்காகத் தலையில் ஹிஜாமா செய்துகொண்டார்கள் என்றும் வருகிறது. இதில் சந்தேகம் இல்லை.

அதே நபியவர்கள் உபை பின் கஅப் (ரலி) நோயுற்றபோது அவரிடம் ஒரு வைத்தியரை அனுப்பிவைத்தார்கள். ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) நோயுற்றபோது, வைத்தியம் தெரிந்த ஹாரிஸ் பின் கலதாவிடம் போகச் சொன்னார்கள். வைத்தியம் அறியாத ஒருவர் வைத்தியம் செய்து கேடு வந்தால் அதற்கு அவரே பொறுப்பு என்ற ஹதீஸும் அபூதாவூதில் இருக்கிறது. இந்த ஹதீஸை எந்த ஹிஜாமா நோட்டீஸிலும் நான் பார்த்ததில்லை. இரண்டு நாள் வகுப்புக்குப் போய் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பிளேடைக் கையில் எடுக்கும் தம்பிகள் முதலில் படிக்க வேண்டிய ஹதீஸ் இதுதான்.

நம் யுனானி முன்னோர்களும் இப்படித்தான் இருந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, ஹிஜாமாவுக்கான கருவிகளைப் பற்றித் தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இப்னு ஸீனா அல்கானூனில் வயது வரம்பே வைத்தார். அறுபதைக் கடந்தவருக்கு ஹிஜாமா கூடாது என்பது அவர் கருத்து. நம் பட்டியலில் எழுபது வயது அத்தாமார்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். பழைய நூலின் பெயரைச் சொல்லித்தான் இந்த வைத்தியத்தை விற்கிறார்கள். அந்த நூலில் 'வேண்டாம்' என்று இருக்கும் பக்கத்தை மட்டும் யாரும் திறப்பதில்லை.

இது அரபு நாட்டுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். நம் சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் உறிஞ்சல், குருதி வாங்கல், அட்டை விடல் எல்லாம் உண்டு. சீனர்களும் செய்கிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் வட்ட வட்டமாகத் தழும்பு தெரிந்ததே, அதுவும் இதுதான். வாலிபப் பிள்ளைகள் அந்தப் படத்தைக் காட்டித்தான் என்னிடம் வருகிறார்கள். அவர் பதக்கம் வாங்கியது கப்பினால் அல்ல என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதே ஒரு வேலை.

சரி, கப் வைக்கும்போது உடம்பில் என்ன நடக்கிறது? கப்பைத் தோலில் வைத்து கைப்பம்பால் காற்றை இழுக்கிறோம். உள்ளே வெற்றிடம் உண்டாகி, தோலும் அதன் கீழுள்ள சதையும் மேலே எழும்புகின்றன. அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது. இறுகிப்போன தசை கொஞ்சம் தளர்கிறது. நரம்புகளுக்குப் புதிதாக ஓர் உணர்ச்சி போவதால் பழைய வலி சற்று அடங்குகிறது. கீறாமல் ஐந்து பத்து நிமிடம் வைத்து எடுத்துவிட்டால் அது உலர் ஹிஜாமா. யுனானியில் பிலா ஷர்த் என்போம். தோலில் மேலாகக் கீறி மறுபடி கப் வைத்தால் இரத்தம் வரும். அது பிஷ் ஷர்த். பொதுவாக ஹிஜாமா என்றாலே மக்கள் நினைப்பது இந்த இரண்டாவதைத்தான்.

தழும்பு கறுப்பாக விழுந்தால் "பாருங்க டாக்டர், எவ்வளவு கெட்ட இரத்தம்" என்கிறார்கள். அது கெட்ட இரத்தம் அல்ல. உறிஞ்சும் வேகத்தில் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைந்து தோலுக்கடியில் கசிந்த இரத்தம் அது. அடிபட்டால் கன்றிப்போவது போலத்தான். ஒரு வாரம், பத்து நாளில் மறைந்துவிடும். கப்புக்குள் ஜெல்லி மாதிரி கட்டியாக வருகிறதே, அதுவும் விஷமோ கழிவோ இல்லை. உடம்பை விட்டு வெளியே வந்த இரத்தம் உறையும். உங்கள் விரலில் இருந்து சொட்டினாலும் உறையும். கழிவை வடிகட்ட அல்லாஹ் ஈரலையும் சிறுநீரகத்தையும் கொடுத்திருக்கிறான். முதுகுத் தோலை அதற்காகப் படைக்கவில்லை. நான் யுனானி படித்தவன், நான்கு அக்லாத் பற்றிய பழைய கோட்பாடு எனக்கும் தெரியும். ஆனால் கப்பில் விழுவது நம் நாடியில் ஓடும் அதே இரத்தம்தான். அதைக் காட்டி ஏழையைப் பயமுறுத்திப் பணம் வாங்குவது எந்தக் கோட்பாட்டிலும் இல்லை.

அப்படியானால் வலி குறையுமா? குறையும், பலருக்கு. எவ்வளவு நாள்? சிலருக்குச் சில நாள், சிலருக்கு ஓரிரு வாரம். ஆய்வு என்ன சொல்கிறது என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். 2012-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, ஹிஜாமா போன்ற கப் சிகிச்சைகள் பற்றிய 135 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. கழுத்து எலும்புத் தேய்மான வலி போன்ற சிலவற்றில் பலன் இருக்கலாம் என்றது. ஆனால் அந்தப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை தரமாக நடத்தப்படவில்லை என்றும் சொன்னது. 2021-ல் பிரேசிலில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 90 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு உண்மையான உலர் கப். மீதிப் பேருக்கு ஓட்டை போட்டு உறிஞ்சாமல் செய்த போலிக் கப். வாரம் ஒரு தடவை, எட்டு வாரம். முடிவில் உண்மைக் கப் போலிக் கப்பைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.

இதைச் சொன்னால் என் தொழிலுக்கே கேடு என்று என் நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மருத்துவர் கை வைத்துப் பார்த்து, அரை மணி நேரம் நிம்மதியாகப் படுக்க வைத்து, வலியை விசாரித்தாலே தசை தளர்கிறது என்பதும் ஒரு பலன்தான். அந்தப் பலனை அதன் அளவோடு சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். வலி மாத்திரையை மெடிக்கலில் தினமும் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கி, சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்வதைவிட, இடையிடையே உலர் கப் வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

இனி நம் ஊர் முதுகுக்கு வருவோம். இங்கிருந்து திருப்பூருக்குக் கம்பெனி வேனில் போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஒன்றரை ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம். ஓவர்லாக் டெய்லர் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி ஊசியைப் பார்த்தபடி, ஒரு காலை பெடலில் வைத்தபடி குனிந்தே இருக்கிறார். பீஸ் ரேட் என்பதால் எழுந்து தண்ணீர் குடிக்கவும் மனம் வருவதில்லை. பெண்கள் பலர் பாத்ரூம் போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரே குடிப்பதில்லை. செக்கிங் பெண்ணுக்கு நாள் முழுக்க நின்றபடி குனிந்த கழுத்து. அயர்னிங் தம்பிக்கு ஸ்டீம் பாக்ஸைத் தூக்கித் தூக்கி ஒரு தோள் மட்டும் இறங்கிப்போகிறது. கட்டிங்கில் மேஜை மேல் எட்டிக் குனிய வேண்டும். ஹெல்பர் பையன் பண்டலை இடுப்பை முறுக்கித் தூக்குகிறான். தறிக்குடோனில் பாவு பீம் மாற்றும்போது வரும் பிடிப்பு தனிக் கதை.

குனிந்து உட்கார்ந்தே இருக்கும்போது இடுப்பு எலும்புகளுக்கு நடுவில் உள்ள ஜவ்வின் மேல் சுமை கூடுகிறது. முதுகைத் தாங்கும் தசைகள் பல மணி நேரம் ஒரே நீளத்தில் இழுபட்டு நின்று களைத்துப்போகின்றன. மாலையில் வலிப்பது அந்தக் களைப்பு. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஹிஜாமா, திங்கட்கிழமை மறுபடி அதே ஸ்டூல். மூன்றாவது மாதம் அவர் என்னிடம் வந்து, "டாக்டர், உங்க ஹிஜாமாவுக்கு இப்பல்லாம் கேட்க மாட்டேங்குதுங்க" என்பார். கேட்காதுதான். ஸ்டூல் மாறவில்லையே.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கென்று வழிகாட்டி வெளியிட்டது. 2020-ல் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்புவலி இருந்ததாகக் கணக்கு. உடற்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், மசாஜ் போன்றவற்றை அந்த வழிகாட்டி பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட், இழுவை சிகிச்சை போன்றவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. இந்த ஹாலில் எத்தனை பேர் சட்டைக்குள் பெல்ட் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால் கைகள் எழும், கேட்கவில்லை.

டீ நேரம் வருகிறது அல்லவா, அப்போது செல்போனைப் பார்த்துக்கொண்டு மறுபடி குனிய வேண்டாம். எழுந்து நின்று, இரண்டு கையையும் இடுப்பின் பின்னால் வைத்து, மெதுவாகப் பின்பக்கம் சாயுங்கள். பத்து தடவை. தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்து இறுக்கி விடுங்கள். அதற்கு இரண்டு நிமிடம்தான். மணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்கள். முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கும்படி ஸ்டூல் உயரம் இருக்க வேண்டும். பண்டலை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கித் தூக்குங்கள். வலி வந்ததும் மூன்று நாள் படுக்கையில் கிடப்பது இன்னும் இறுக்கத்தான் செய்யும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, நடக்க முடிந்த அளவு நடங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நபி (ஸல்) அவர்களுக்கு ஹிஜாமா செய்தவர் அபூதைபா (ரலி). அவர் ஓர் அடிமை. எஜமானர்கள் அவர் உழைப்பில் இருந்து தினமும் ஒரு தொகையை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நபியவர்கள் அவருக்குப் பேரீச்சம்பழம் கூலியாகக் கொடுத்தார்கள். அதோடு விடாமல் அவருடைய எஜமானர்களிடம் பேசி, அவர் மேல் இருந்த சுமையைக் குறைக்கச் சொன்னார்கள், அவர்களும் குறைத்தார்கள். ஹிஜாமா பற்றிப் பேசும் எல்லோரும் இந்த ஹதீஸின் முதல் பாதியைச் சொல்கிறார்கள். முன்வரிசையில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கும் பாய்மார்கள் சிலர் இருக்கிறீர்கள். பிற்பாதி உங்களுக்கு. முதுகுக்குச் சாய்மானம் உள்ள, உயரம் கூட்டிக் குறைக்கும் நாற்காலிகளை உங்கள் டெய்லர்களுக்கு வாங்கிப் போடுங்கள். மணிக்கு இரண்டு நிமிடம் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். முகாமுக்கு நன்கொடை தருவதாகச் சொன்னீர்களாம். அந்த நன்கொடையில் பாதியை நாற்காலிக்குத் திருப்புங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன்.

அடுத்து, எந்த முதுகுவலிக்கு ஹிஜாமாவுக்கு வரவே கூடாது என்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

கட்டிங் பிரிவில் வேலை பார்த்த ஒரு சகோதரர், நாற்பது வயது இருக்கும். நடு முதுகில் வலி. வேறோர் ஊரில் ஒரு வீட்டில் மூன்று தடவை இரத்தம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் கெட்ட இரத்தம் வந்துவிட்டது, இனி சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது பேண்ட் இடுப்பில் நிற்காத அளவு இளைத்திருந்தார். சாயங்காலமானால் காய்ச்சல் வருமா என்று கேட்டேன். "ஆமாங்க, வேலைக் களைப்புன்னு விட்டுட்டேன்" என்றார். இரவில் படுத்தாலும் வலி. முதுகெலும்பில் ஓரிடத்தைத் தட்டினால் துடித்தார். கப்பைத் தொடாமல் அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தேன். ஸ்கேனில் முதுகெலும்புக் காசநோய் என்று வந்தது. இன்னும் சில வாரம் போயிருந்தால் இரண்டு காலும் விழுந்திருக்கும். மாத்திரை அரசில் இலவசம். மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட்டார். அல்ஹம்துலில்லாஹ், இன்று நடக்கிறார்.

அதனால் முதுகுவலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் உடல் இளைப்பது, இரவில் தூங்க விடாத வலி இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. காலில் பலம் குறைந்து செருப்பு நழுவினால், மர்மப் பகுதியில் மரத்துப்போனால், சிறுநீர் வராமல் அடைத்தால் அல்லது தெரியாமலே போனால், அன்றே, அந்த இரவே தாராபுரமோ திருப்பூரோ ஓட வேண்டும். நாளை பார்க்கலாம் என்று விட்டால் போன பலம் திரும்பாது. விழுந்து அடிபட்ட முதுகு, முன்பு புற்றுநோய் வந்தவர்களின் முதுகுவலி இரண்டுக்கும் கப் கூடாது. நெஞ்சை இறுக்கி, வியர்த்து, இடது தோளுக்கும் முதுகுக்கும் பரவும் வலியைத் தசைப்பிடிப்பு என்று நினைத்துக் கப் வைக்கப் போனால் அது மாரடைப்பாக இருக்கும். தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: அடிவயிற்று வலி, அதிக உதிரப்போக்கு, வெள்ளைப்படுதலோடு வரும் இடுப்புவலிக்கு முதுகில் காரணம் இல்லை, கர்ப்பப்பையைப் பார்க்க வேண்டும்.

இரத்தம் எடுக்கும் முறையில் எனக்குப் பெரிய கவலை நம் பெண்களைப் பற்றித்தான். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. காலையில் டீயும் பன்னும், மதியம் ஆறிய சோறு, இரவு பத்து மணிக்குச் சமையல். இந்த உடம்பில் இருந்து இரத்தத்தை எடுத்து ஆரோக்கியம் தருகிறேன் என்றால் எப்படி? ஒரு சகோதரி வேறு இடத்தில் இரத்தம் எடுத்துக்கொண்ட மறுநாள் மெஷின் மேலேயே மயங்கி விழுந்து, என்னிடம் அழைத்து வந்தார்கள். பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 7. இடுப்புவலி, உடல் அசதி என்று அவர் சொன்னதில் பாதி இரத்தசோகைதான். அவருக்கு வேண்டியது இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம். முருங்கைக்குப் பேர்போன பகுதியில் இருந்துகொண்டு நாம் இரத்தத்தைக் கப்பில் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

கர்ப்பிணிகள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்கள், சிறு பிள்ளைகள் ஆகியோருக்கு முகாமில் கீறல் இல்லை. எவ்வளவு சிபாரிசு வந்தாலும் இல்லை.

பிளேடு விஷயம். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி, காய்ந்த இரத்தத்தில் ஏழு நாள் வரைக்கும் உயிரோடு இருக்கும். ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. இரண்டும் இரத்தம் வழியே பரவுபவை. ஒருவருக்கு வைத்த கப்பை டெட்டால் ஊற்றிக் கழுவி அடுத்தவருக்கு வைப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிளேடு புதிதா என்று கேட்பவர்கள்கூட கப் புதிதா என்று கேட்பதில்லை. உங்கள் முன்னால் பாக்கெட் பிரிக்கப்பட வேண்டும், பிளேடும் கப்பும் இரண்டும். கையுறை மாற்ற வேண்டும். இரத்தம் பட்ட பஞ்சை மஞ்சள் பையிலும், பிளேடைத் துளைபடாத வெள்ளைப் பெட்டியிலும், பிளாஸ்டிக் கப்பைச் சிவப்புப் பையிலும் போட்டு, உரிய நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதி. நூறு பேருக்குச் செய்துவிட்டு, மூட்டையாகக் கட்டி வாய்க்காலில் எறிந்தால், மறுநாள் குப்பை பொறுக்க வரும் பிள்ளையின் கையில்தான் அது குத்தும். அந்தப் பாவத்துக்குப் பங்காளி ஆக நம் அறக்கட்டளைக்கு என்ன தலையெழுத்து?

எனவே நிர்வாகிகளிடம் என் கோரிக்கை இது. ஒரு நாளில் நூறு பேர் வேண்டாம். முதல் ஞாயிறு பரிசோதனை மட்டும்: இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், என்ன வேலை, என்ன வலி என்ற விசாரணை. அடுத்த ஞாயிறுகளில் நாளுக்குப் பதினைந்து பேர். பெரும்பாலோருக்கு உலர் கப்பும், பயிற்சி சொல்லிக் கொடுப்பதும். பெண்களுக்குத் தனி அறையில், பட்டம் பெற்றுப் பதிவு செய்த பெண் மருத்துவர். ஒரு பிசியோதெரபிஸ்ட் கட்டாயம் இருக்க வேண்டும். நோட்டீஸில் 'தசைவலி, இடுப்புவலிக்கு ஆறுதல்' என்று மட்டும் போடுங்கள். சர்க்கரையைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள். அந்த வரியைப் படித்துவிட்டு ஒருவர் இன்சுலினை நிறுத்தினால் அல்லாஹ்விடம் யார் பதில் சொல்வது?

இன்னொன்று, உங்கள் பணமே உங்களுக்குப் பயன்படாமல் கிடக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தால் உங்களிடம் 0.75 சதவீதம், கம்பெனி 3.25 சதவீதம் கட்டுகிறது. அந்த அட்டையை வைத்து முதுகுவலிக்கு எக்ஸ்ரே, ஸ்கேன், பிசியோதெரபி எல்லாம் பார்க்கலாம். ஆறு மாதக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், மருத்துவர் ஓய்வு எழுதிக் கொடுக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். எத்தனை பேருக்கு இது தெரியும்? இ.எஸ்.ஐ. பிடிக்காத கம்பெனியா, நம் குண்டடம் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. எழ முடியாத பெரியவர்களுக்கு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள். நம் வாலிபர்கள் நாலு பேர் மேஜை போட்டு உட்கார்ந்து இந்த விவரத்தை எழுதிக் கொடுத்தால், அதுவே பாதி முகாம்.

கேள்விச் சீட்டுகள் வந்திருக்கின்றன. பிறை 17, 19, 21-ல்தான் செய்ய வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த நாட்களைச் சிறப்பித்து ஹதீஸ் இருக்கிறது, விரும்புபவர்கள் அப்படிச் செய்யலாம். வைத்தியத்தில் நாளுக்கு வித்தியாசம் இல்லை. நோன்போடு செய்யலாமா? ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபிலும் நோன்பு முறியாது, பலவீனம் வரும் என்றால் வெறுக்கத்தக்கது என்று ஹஜ்ரத் தலையசைக்கிறார்கள். பகல் முழுக்க அயர்னிங் டேபிளில் நிற்பவருக்குப் பலவீனம் வராமல் இருக்குமா, இஃப்தாருக்குப் பிறகு வாருங்கள். மூன்றாவது சீட்டு திரைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து: "வலி மாத்திரை நான்கு வருடமாகச் சாப்பிடுகிறேன், நிறுத்தலாமா?" அம்மா, நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மாத்திரை அட்டையைக் கொண்டுவாருங்கள், சிறுநீரகத்துக்கு ஓர் இரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டுப் பேசுவோம்.

இஷாவுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. பெயர் கொடுத்தவர்கள் வாசல் பக்க மேஜையில் புதிய படிவத்தை வாங்கி, வயது, வேலை, சாப்பிடும் மருந்து மூன்றையும் எழுதிக் கொடுங்கள். நான் சொன்ன அபாய அறிகுறி யாருக்காவது இருந்தால் படிவத்துக்குக் காத்திராமல் இப்போதே என்னிடம் வாருங்கள். தொழுகை முடிந்தும் நான் இங்கேதான் இருப்பேன்.